போட்டு வாங்கோ

இது கட்டிச் சொல்லும் கதை இல்லை. நடந்தது. கல்லூரியின் பெயரை மட்டும் எழுதவில்லை. அங்கே இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள், அவர்கள் பயப்படக் கூடாது. மற்றதெல்லாம் உள்ளபடியே. நாளும் நேரமும் வீடியோக்களிலேயே பதிந்து கிடக்கின்றன. பதினேழாம் பாடத்தை ஹெட்போன் போட்டுக் கேட்கிறவர்களுக்கு இருபத்திரண்டாவது நிமிடத்தில் அது கேட்கும். இதுவரை கேட்டவர்கள் இரண்டு பேர். இரண்டாம் முறை கேட்டவர்கள் ஒருவரும் இல்லை.

பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் நிம்மதியாக நித்திரை கொள்வார்கள். இது பின்னேரம் மூன்று மணிக்கு வந்தது. வெளியே நெருப்பு வெயில். சோளகக் காற்று. கல்லூரி வாசலில் ஐஸ்கிறீம் வான் பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றது.

உதயகலாவுக்கு அப்போது இருபத்தொரு வயது. ஊர் சண்டிலிப்பாய். அவள் உயர்தரம் படிக்கத் தொடங்கிய வருடம் அப்பா கை கால் இழுத்துப் பாரிசவாதத்தில் விழுந்தார். அம்மா பராசக்தி தோட்டத்தைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தவித்தாள். ஒரு நாள் கலா தன் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தோய்த்து, மடித்து, பெட்டிக்குள் வைத்தாள். பிறகு அதை எடுக்கவில்லை. அப்பா இரண்டு வருடம் கிடந்து கண்ணை மூடினார். கலா சந்தி ஸ்ரூடியோவில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டப் பழகி, அங்கிருந்து கல்லூரிக்கு வந்தாள்.

வேலை லேசானது. செபநாயகம் சேரின் உயர்தரப் புவியியல் வகுப்பை வீடியோ எடுப்பது. தூரத்தில் இருந்து வர முடியாத பிள்ளைகளுக்காக மொத்தம் இருபது பாடங்கள். செவ்வாயும் வெள்ளியும், ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை. சேரின் சட்டையில் கொலர் மைக்கைக் குத்தி, மூன்றாவது வரிசைக்குப் பக்கத்தில் கமராவை நிறுத்தி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு அவள் நிற்பாள். ஆள் நிற்பதே தெரியாது. அவ்வளவு கூச்சம்.

“வீடியோ அக்கா, என்ரை நல்ல பக்கமாய்ப் பாத்து எடுங்கோ” என்பான் வகுப்புப் பொடியன் தேனுஜன்.

“உன்ரை நல்ல பக்கம் முதுகுதான்ரா. அதைத்தான் அவ எடுக்கிறா” என்பான் கிருஷாந்.

வகுப்பு சிரிக்கும். கலா குனிந்துகொள்வாள்.

ஒருவருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. அவள் வீடியோ மட்டும் எடுக்கவில்லை. படித்துக்கொண்டிருந்தாள். சேர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஹெட்போன் வழியாக அவளுக்கென்றே சொல்வதுபோல் காதுக்குள் இறங்கும். பதினைந்தாம் பாடத்தில் சேர் கேட்ட கேள்விக்கு வகுப்பே முழித்தபோது, கமராவுக்குப் பின்னால் அவளுடைய உதடு மட்டும் அசைந்தது. சேர் அதைக் கண்டுவிட்டார்.

“நீர் சோதினை எடுக்கேல்லையோ?” பாடம் முடியக் கேட்டார்.

“இல்லை சேர். இடையிலை விட்டிட்டன்.”

“பள்ளிக்கூடம் போகாமலே இப்ப தனிய எடுக்கலாமே. இந்த மாதம் இருபத்தோராந் திகதியோடை விண்ணப்பம் முடியுது. இருபது பாடமும் முடியிற அண்டைக்கு, கந்தோர் கொம்பியூட்டரிலை நானே இருந்து நிரப்பித் தாறன். என்ன?”

“ஓம் சேர்.”

அன்று அவள் சைக்கிளில் வீட்டுக்குப் போகவில்லை. பறந்தாள். இனி இருபதாம் பாடம் வரை ஒரு நாளும் தவறக் கூடாது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் யாரும் ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. ‘போட்டு வாறன்’, அதாவது போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வார்கள். இருக்கிறவர் ‘ஓம், போட்டு வா’ என்று சொல்ல வேண்டும். செத்தவீட்டில் மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. பேசாமல் எழும்பிப் போய்விடுவார்கள். செபநாயகம் சேர் இதில் மிகவும் கவனம். கூட்டமாய்ப் போகிற பிள்ளைகளுக்கு “ஓம், போட்டு வாங்கோ” என்பார். தனியே ஒருவர் போனால் “போட்டு வாரும்” என்பார். கையில் என்ன வேலை இருந்தாலும் நிறுத்திவிட்டுத்தான் சொல்வார். கதவைத் தாண்டிவிட்ட பிள்ளையைக்கூடக் கூப்பிட்டுச் சொல்வார். பொடியங்களுக்கு அது பெரிய பகிடி.

கலாவுக்கும் ஒவ்வொரு நாளும் சொல்வார். “போட்டு வாரும் பிள்ளை.”

2025 யூலை 8, செவ்வாய்க்கிழமை. பதினேழாம் பாடம்.

“எவ்வளவு நேரந்தான் நிக்கிறது, கால் உளையும். உதிலை இரும் பிள்ளை” என்று சேர் ஒரு கதிரையைக் காட்டினார்.

மூன்றாவது வரிசை, யன்னல் ஓரம். பதினான்கு பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தாலும் அந்தக் கதிரை எப்போதும் சும்மாதான் கிடக்கும். யாரோ வராத பிள்ளையின் இடம் என்று கலா நினைத்திருந்தாள். அவள் உட்கார்ந்தபோது தேனுஜன் திரும்பிப் பார்த்தான். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. உடனே முன்னுக்குத் திரும்பிவிட்டான்.

கதிரை சுத்தமாக இருந்தது. சுவரோரம் ஒதுக்கி வைத்த உடைந்த கதிரைகளில் எல்லாம் வெண்கட்டித் தூள் படிந்திருந்தது. இதில் மட்டும் ஒரு தூசி இல்லை. தினமும் ஆள் இருந்து எழும்புகிற கதிரை போல.

கலா அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நாலு வருடத்துக்குப் பிறகு ஒரு வகுப்பறைக் கதிரையில் இருக்கிறாள். அந்தச் சந்தோசமே அவளுக்குப் போதும்.

அன்று நிலத்தடி நீர்ப் பாடம். “கீழை போன தண்ணி போயிட்டுது எண்டு நினையாதேங்கோ பிள்ளையள்” என்றார் சேர். “சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை ஊர்ந்து ஊர்ந்து எங்கையோ ஒரு கிணத்திலை திரும்பி வரும்.”

மூன்று மணி இரண்டு நிமிடத்துக்குப் பாடம் முடிந்தது. பிள்ளைகள் போனார்கள். கலா சாமான்களை அடுக்கிவிட்டுச் சொன்னாள்.

“போட்டு வாறன் சேர்.”

“ஓம். போட்டு வாங்கோ.”

வாங்கோ!

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பெரியவர்களுக்கும் ‘வாங்கோ’ என்றுதான் சொல்வது. படிப்பை விட்டவள், கமரா தூக்குகிறவள்... அவளுக்கு சேர் மரியாதை தருகிறார். வழி முழுக்க அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதித்தாள்.

அடுத்த நாள் காலை 9:10. கல்லூரிக் கந்தோரில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து பதினேழாம் பாடத்தின் வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு சத்தம்.

சர்... சர்... சர்...

பேனை எழுதும் சத்தம். பிறகு பக்கம் புரட்டும் சத்தம். பிறகு மறுபடி சர்... சர்...

வகுப்பென்றால் பிள்ளைகள் எழுதத்தானே செய்வார்கள் என்று விட்டுவிட்டாள். ஐந்து நிமிடம் கழித்துத்தான் கை நின்றது. மைக் சேரின் கொலரில் இருந்தது. சேர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். முன் வரிசைப் பிள்ளைகள் எழுதும் சத்தமே அதில் விழுவதில்லை.

இந்தப் பேனை மைக்கை ஒட்டி எழுதிக்கொண்டிருந்தது.

முப்பத்தோராவது நிமிடத்தில் சேர் ஒரு பகிடி சொல்கிறார். வகுப்பு முழுக்கச் சிரிக்கிறது. சிரிப்புக்கு நடுவிலும் அந்தப் பேனை நிற்கவில்லை.

யூலை 11, வெள்ளி. பதினெட்டாம் பாடம். கலா அதே கதிரையில் இருந்தாள். சேர் இருக்கச் சொன்னதை எப்படி மறுப்பது? ஹெட்போனுக்குள் பேனை எழுதியது. சேர் நிறுத்தினால் அதுவும் நின்றது. சேர் தொடங்கினால் அதுவும் தொடங்கியது. அவள் பதினான்கு கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாருடைய கையோடும் அந்தச் சத்தம் சேரவில்லை.

3:01. பாடம் முடிந்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். சேர் மைக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு யன்னல் சாத்தப் போனார். கலா இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை. கமராவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது காதுக்குள் ஒரு பெண் குரல். மெல்லிய, களைத்த குரல்.

“போட்டு வாறன்.”

யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அந்தச் சொல் காதில் விழுந்தால் வாய் தானாகப் பதில் சொல்லும். யோசிக்க இடமே இல்லை.

“ஓம், போட்டு வாங்கோ” என்றாள் கலா.

யன்னலடியில் சேரின் கை அப்படியே நின்றது.

“ஆருக்குப் பிள்ளை சொன்னனீர்?”

கலா திரும்பிப் பார்த்தாள். அறையில் அவர்கள் இருவரும்தான்.

“ஆரோ... போட்டு வாறன் எண்டு கேட்டுது சேர்.”

சேர் யன்னலைச் சாத்தாமலே திரும்பினார். முகம் வெளிறியிருந்தது.

“இனிச் சொல்லாதையும்” என்றார். “அது நான் சொல்லுறது.”

வாசலில் தேனுஜன் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றான். கலா வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாகப் போய் ஒருவனிடம் கதை கேட்டாள்.

“தம்பி... அந்த யன்னல் கதிரை ஆற்றை?”

அவன் பம்பை நிறுத்தினான். “அக்கா, அதிலை இருக்காதேங்கோ எண்டு அண்டைக்கே சொல்ல நினைச்சன். சேர் பக்கத்திலை நிண்டவர்.”

“ஆற்றை எண்டு சொல்லு.”

“சுபாஜினி அக்கான்ரை. என்ரை அக்காவோடை படிச்சவ. ரெண்டாயிரத்துப் பதினெட்டு. சோதினைக்கு முதல் கிழமை...” அவன் குரலைத் தாழ்த்தினான். “வகுப்பு முடிஞ்சு, போட்டு வாறன் சேர் எண்டு சொன்னவவாம். சேர் போனிலை கதைச்சுக்கொண்டு நிண்டவராம். கேக்கேல்லை. அவ கொஞ்ச நேரம் வாசல்லை நிண்டு பாத்திட்டுப் போட்டா. சந்தியிலை பஸ் அடிச்சு அந்த இடத்திலையே முடிஞ்சுது. மூண்டு பத்துக்கு.”

கலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று பத்து.

“அதுக்குப் பிறகுதான் சேர் எல்லாருக்கும் பதில் சொல்லுறது” என்றான் தேனுஜன். “எங்களுக்கு மட்டுமில்லை. நாங்கள் எல்லாரும் போனாப் பிறகு, வெறுங் கதிரைக்கும் ஒருக்காச் சொல்லுவர். என்ரை கண்ணாலை கண்டனான்.”

அன்றிரவு கலா சாப்பிடவில்லை. வேலையை விட்டுவிடுவோமா என்று யோசித்தாள். விட்டால் விண்ணப்பமும் போகும். அதை நிரப்பித் தர வேறு யாரை அவளுக்குத் தெரியும்? பெட்டிக்குள் மடித்து வைத்த வெள்ளைச் சட்டை அங்கேயே கிடந்து மஞ்சளாகிப் போகும்.

இன்னும் இரண்டு பாடம். இரண்டே இரண்டு.

யூலை 15, செவ்வாய். பத்தொன்பதாம் பாடம். கலா அந்தக் கதிரையில் இருக்கவில்லை. கமராவை இழுத்து எல்லா வரிசைக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி வைத்தாள். ஹெட்போனையும் போடவில்லை. சத்தம் எப்படி விழுந்தாலும் விழட்டும்.

இப்போது கமராவின் திரையில் வகுப்பு முழுக்கத் தெரிந்தது. பதினான்கு முதுகுகள். முன்னால் சேர். யன்னல் ஓரத்தில் வெறுங் கதிரை.

அந்தக் கமரா முகங்களைத் தானாகக் கண்டுபிடிக்கும். எங்கே முகம் இருக்கிறதோ அங்கே ஒரு சின்ன மஞ்சள் சதுரம் வரும். சேர் நடக்க, அவருடைய முகத்தோடு அந்தச் சதுரமும் நடந்தது.

2:21.

திரையில் இரண்டாவது சதுரம் ஒன்று வந்தது.

யன்னல் ஓரத்தில். வெறுங் கதிரைக்கு மேலே.

கலா திரையை விட்டுக் கண்ணை எடுத்து நேரே பார்த்தாள். கதிரை சும்மா இருந்தது. திரையைப் பார்த்தாள். சதுரம் இருந்தது. அசையாமல்.

முதுகுக்குச் சதுரம் வராது.

முகத்துக்குத்தான் வரும்.

அப்படியென்றால்... அது சேரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

திரும்பி...

கலாவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று பாடம் முடிந்ததும் அவள் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவடியில் நின்று “போட்டு வாறன் சேர்” என்றாள். சேர் கரும்பலகையை அழித்துக்கொண்டே சொன்னார்.

“போட்டு வாங்கோ.”

பிறகு தலையைத் திருப்பி யன்னல் கதிரையைப் பார்த்தார். அவருடைய வாய் திறந்தது. ஆனால் அந்தக் கதிரைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே யாரும் இல்லாதது போல ஒரு முழி முழித்தார்.

யூலை 18, வெள்ளி. கடைசிப் பாடம்.

கலா ஒரு முடிவோடு வந்தாள். செத்தவீட்டில் யாரும் போட்டு வாறன் என்று சொல்வதில்லை. சொன்னால் மறுபடி அங்கே வரவேண்டி வரும். அதனால் இன்று அவளும் சொல்ல மாட்டாள். யார் சொன்னாலும் பதிலும் சொல்ல மாட்டாள். எழும்பிப் போய்விட வேண்டியதுதான். அதோடு முடிந்தது.

3:04. பிள்ளைகள் போனார்கள். சேர் விண்ணப்பத்துக்காகக் கந்தோரைத் திறக்கப் போனார்.

கலா கமராவைக் கழற்றினாள். மைக்கை நிறுத்திப் பெட்டிக்குள் வைத்தாள். ஹெட்போனைச் சுருட்டினாள்.

“போட்டு வாறன்.”

ஹெட்போன் கையில் சுருட்டினபடி இருந்தது. மைக் பெட்டிக்குள் இருந்தது.

குரல் அறைக்குள் இருந்து வந்தது.

கலா உதட்டைக் கடித்தாள். பெட்டியைப் பூட்டினாள்.

“போட்டு வாறன்...”

இந்த முறை பக்கத்தில். வலது தோளடியில்.

அவள் நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் விழுந்துவிடுவாள். கதவு பத்தடி. எட்டடி. ஐந்தடி...

“அக்கா... சொல்லுங்கோவன்...”

அழுகிற குரல்.

கலா சொல்லவில்லை.

கதவைத் தாண்டினாள். இரத்தம் உப்புக் கரித்தது. உதடு கிழிந்திருந்தது.

கந்தோரில் சேர் விண்ணப்பத்தை நிரப்பினார். பெயர், முகவரி, பாடங்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை வாசித்துக் காட்டினார். கலா அனுப்பு என்ற பொத்தானைத் தன் கையாலேயே அழுத்தினாள். அழுகை வந்தது. பயத்துக்கா, சந்தோசத்துக்கா என்று தெரியவில்லை.

எழும்பி, ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தாள். சேர் வாசல்வரை வந்தார்.

“சந்தியிலை பாத்துப் போங்கோ” என்றார். “கவனமாய்க் கூட்டிக்கொண்டு...” பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

சைக்கிள் அன்று ஏனோ பாரமாக இருந்தது. காற்றுப் போயிருக்கும் என்று நினைத்தாள். இறங்கி அழுத்திப் பார்த்தாள். இரண்டு சக்கரமும் கல்லுப் போல இருந்தன.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாதி... கலா வீட்டிலிருந்து படித்தாள். குரல் இல்லை. பேனை இல்லை. எல்லாம் அந்த அறையோடு போய்விட்டது என்று நம்பினாள். இராத்திரியில் படிக்கும்போது மட்டும் சில வேளைகளில், அவள் எழுதுவதை நிறுத்திய பிறகும், ஒரு சொல் எழுதி முடிக்கும் அளவுக்கு அந்தச் சத்தம் மிஞ்சி நிற்பதுபோல் இருக்கும். பல்லி என்று நினைத்துக்கொள்வாள்.

கார்த்திகை. புவியியல் சோதினை நாள். காலை 6:50. மழை பிடித்துக் கொட்டியது. கலா வெளிவாசல் படலையடியில் குடையை விரித்துக்கொண்டு நின்று, வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“அம்மா, போட்டு வாறன்.”

சமைத்துக்கொண்டிருந்த பராசக்தி குசினி வாசலில் நின்றபடி கையைத் துடைத்தாள்.

“ஓம். போட்டு வாங்கோ. வடிவாய் எழுதுங்கோ.”

கலாவுக்குச் சிரிப்பு வந்தது. பெற்ற நாள் தொட்டு அம்மா அவளுக்குச் சொல்வது ‘வா’ தான். ‘போட்டு வா பிள்ளை’ தான்.

“என்னணை இண்டைக்கு எனக்கு மரியாதை?”

“உனக்கு ஆரடி மரியாதை தந்தது?” என்றாள் அம்மா. “ரெண்டு பேரும் போறியள் எண்டபடியாலை சொன்னன். அந்தப் பிள்ளையைப் பார், தலை நனையுது. குடையைக் கொஞ்சம் அங்காலை பிடி.”

கலா திரும்பிப் பார்க்கவில்லை.

குடைக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். யூலை எட்டு, செவ்வாய்க்கிழமை. போட்டு வாங்கோ. வழி முழுக்க வாய்க்குள் வைத்து உருட்டிய அந்தச் சொல்... அது மரியாதையே இல்லை.

அன்றைக்கே சேர் இரண்டு பேரைக் கண்டிருக்கிறார்.

சோதினைக்கு அவள் போனாள். போகாமல் என்ன செய்வது? நாலு வருடம் காத்திருந்த நாள். குடையை வலது பக்கம் சரித்துப் பிடித்துக்கொண்டே போனாள். இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. மண்டபத்தில் மூன்று மணித்தியாலமும் அவளுக்கு வலப் பக்கம் பேனை எழுதியது. வலப் பக்கம் சுவர்.

போன மாதம் தேனுஜனைச் சந்தியில் கண்டாள். அவன் பழையபடி பகிடியும் சிரிப்புமாக இருந்தான்.

“அக்கா, தெரியுமே? இப்ப அந்த யன்னல் கதிரையிலை நாங்கள் இருக்கிறம். ரெண்டு நாள் இருக்காட்டி அதிலையும் தூசி பிடிக்குது. சேரும் வெறுங் கதிரைக்குச் சொல்லுறேல்லை.”

“எப்ப தொட்டு?”

அவன் யோசித்தான். “நீங்கள் வேலையாலை நிண்டாப் பிறகு.”

இப்போது கலா வீட்டை விட்டு வெளிக்கிடும்போது போட்டு வாறன் என்று சொல்வதில்லை. ஒருவருக்கும் சொல்வதில்லை. செத்தவீட்டிலிருந்து எழும்பிப் போவதுபோல் பேசாமல் படலையைத் திறந்துகொண்டு போகிறாள்.

ஆனால் ஒவ்வொரு நாளும், அவள் படலையைச் சாத்தும் அந்த நேரத்தில், குசினிக்குள் இருந்து அம்மா பதில் சொல்கிறாள்.

“ஓம்... போட்டு வாங்கோ.”